பயிற்சிப் பாடமும் மீள்நோக்கும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தை முன்வைத்து உடற்கல்வி ஆசிரியப் பயிற்சி குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

உடற்கல்வியியல் பயிலும் மாணவர் ஒருவர் பள்ளி மைதானத்தில் தம் முதல் பயிற்சிப் பாடத்தை நடத்தி முடித்த மாலையில் குறிப்பேட்டில் எழுதுவன பெரிதும் தம்மைப் பற்றியனவாகவே இருக்கும். குரல் எட்டவில்லை, கட்டளை தடுமாறியது, ஊதலைத் தேவைக்கு மேல் ஊதியாயிற்று, மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்ததால் கை நடுங்கியது என்பன போன்ற வாக்கியங்களில் எழுவாய் ஆசிரியரே. இது தன்னலம் அன்று. தொடக்க நிலையின் இயல்பு. புதிய ஆசிரியரின் கவலை முதலில் தம்மைப் பற்றியதாகவும் பிறகே மாணவரின் கற்றலைப் பற்றியதாகவும் அமைகிறது என்று பிரான்சஸ் ஃபுல்லர் 1969இல் வெளியிட்ட கட்டுரை எடுத்துரைத்தது. அந்த எழுவாய் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும், மாணவரிடமிருந்து அவர் வாழும் இடத்துக்கும் எவ்வாறு நகர்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இந்த நகர்வு நிகழாதவரை பாடக்குறிப்பு எத்துணைச் செம்மையாக எழுதப்பட்டாலும் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் மாணவர் அங்கேயே நிற்பார்.

பயிற்சியின் பின்புலம்

தமிழகத்தில் உடற்கல்வி ஆசிரியப் பயிற்சிக்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. போட்டி விளையாட்டும் ஆசிரியப் பயிற்சியும் தொடக்கத்திலேயே ஒருவர் கையில் இணைந்திருந்தன என்பது இங்கு நோக்கத்தக்கது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையிலுள்ள மேலக்கோட்டையூரில் இயங்குகிறது. வண்டலூரிலிருந்து கிழக்கே அச்சாலை செல்ல, மேற்கே வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் சாலை ஒரகடத்தை அடைகிறது. பயிற்சி தரும் நிறுவனமும் தொழிற்சாலை வட்டாரமும் ஒரே சந்திப்பின் இரு பக்கங்களில் இருக்கின்றன.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் உடற்கல்வியியல் இளநிலைப் பட்டத்தை ஈராண்டுப் படிப்பாக்கின. அதற்கு முன்பே, 2009இல் அக்குழுமம் வெளியிட்ட ஆசிரியர் கல்விக்கான தேசியக் கலைத்திட்ட வரைவு, தம் பணியைத் தாமே ஆராயும் ஆசிரியரை உருவாக்குவதை நோக்கமாகக் கூறியிருந்தது. எனினும் நடைமுறையில் பயிற்சி மாணவர் தம் பாடக்குறிப்பை எழுதச் செலவிடும் நேரம் மிகுதி. நடத்திய பாடத்தைப் பற்றி எழுதச் செலவிடும் நேரம் மிகக் குறைவு.

மீள்நோக்கு என்னும் கருத்து

மீள்நோக்கு என்பது நடந்ததை நினைவுகூர்தல் மட்டும் அன்று. ஜான் டூயி 1910இல் எழுதிய ‘நாம் எவ்வாறு சிந்திக்கிறோம்’ என்னும் நூல், சிந்தனை ஓர் ஐயத்தில் தொடங்கிச் சான்று தேடிச் செல்வது என்றது. டொனால்ட் ஷோன் 1983இல் இதனைத் தொழிலறிவுக்குப் பொருத்தி, செயலினூடே சிந்தித்தல், செயலுக்குப் பின் சிந்தித்தல் என இரண்டாகப் பகுத்தார். மேக்ஸ் வான் மானன் 1977இல் மூன்று நிலைகளைக் காட்டினார்: வழிமுறை சரியாக இருந்ததா, அவ்வழிமுறையின் நோக்கம் எது, அந்நோக்கம் யாருக்கு நியாயம் செய்கிறது. உடற்கல்விப் பயிற்சியில் முதல் நிலைக் குறிப்புகள் குவிகின்றன. மூன்றாம் நிலைக்குச் செல்பவை அரியன.

தமிழ் மரபில் இதற்கு நேரான சொல் தேடுவதைவிட, நன்னூலின் பொதுப்பாயிரத்தை மீண்டும் வாசிப்பது பயன் தரும். பவணந்தியார் மாணவருக்குக் கேட்டவற்றை நினைத்துப் பார்க்கும் கடமையை விதிக்கிறார். ஆசிரியருக்குக் காலமும் இடமும் அறிதல், விரையாமை, வெகுளாமை, கொள்வோரின் கொள்திறன் அறிதல் ஆகியவற்றை விதிக்கிறார். பயிற்சி மாணவர் ஒரே வேளையில் மாணவராகவும் ஆசிரியராகவும் இருப்பவர். ஆதலின் இவ்விரு கடமைகளும் அவருடைய குறிப்பேட்டில் ஒன்றுசேர்கின்றன. கேட்டவற்றை நினைத்தல் என்பது அவரளவில் நடத்தியவற்றை நினைத்தலாக விரிகிறது.

ஆசிரியர் ஆகாதவருக்கு நன்னூல் காட்டும் உவமைகளுள் இரண்டு மைதானத்துக்கு வியப்பூட்டும் அளவில் பொருந்துகின்றன. வரிசையாக இட்ட கழற்காய்கள் குடத்தைக் கவிழ்க்கும்போது முறைமாறிக் கொட்டுவது ஒன்று. பத்து நுணுக்கங்களை ஒரே மூச்சில் சொல்லும் பயிற்சி மாணவரின் விளக்கம் இத்தகையது. ஒருவர் நீர் ஊற்றி வளர்க்க, வேலிக்கு அப்பால் சாய்ந்து பிறருக்குக் காய் உதிர்க்கும் முடத்தெங்கு மற்றொன்று. வகுப்பு முழுவதும் வெயிலில் நிற்க, ஏற்கெனவே ஆடத் தெரிந்த நால்வருக்கே ஆசிரியரின் கவனம் செல்வது முடத்தெங்கின் சாய்வே.

இச்சாய்வுக்குக் காரணம் உண்டு. டேன் லார்ட்டி 1975இல் விளக்கியவாறு, ஆசிரியப் பணிக்கு வருவோர் தாம் மாணவராக இருந்த நீண்ட ஆண்டுகளில் தம் ஆசிரியரைப் பார்த்துப் பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுவிடுகின்றனர். உடற்கல்வி பயில வருவோருள் பலர் பள்ளி அணியில் ஆடியவர்கள். அவர்கள் கண்டது தம்மைத் தேர்ந்தெடுத்த ஆசிரியரை. தேர்ந்தெடுக்கப்படாதவரின் கண்ணில் அதே ஆசிரியர் எப்படித் தெரிந்தார் என்பதை அவர்கள் அறிய வாய்ப்பில்லை.

ஒரு பாடத்தின் கணக்கு

ஜூடித் பிளாசெக் 1983இல் வெளியிட்ட ஆய்வு, உடற்கல்வி ஆசிரியர்கள் தம் பாடத்தின் வெற்றியை மாணவர் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் ஒழுங்காகவும் இருந்தனரா என்பதைக் கொண்டே மதிப்பிடும் போக்கைச் சுட்டியது; கற்றனரா என்ற வினா பின்தங்கியது. ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். கற்றல் எளிதில் தெரியாது. எனவே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

ஏழாம் வகுப்பில் நாற்பது மாணவர், நாற்பது நிமிடப் பாடவேளை, காலின் உட்புறத்தால் பந்தைக் கடத்துதல் பாடப்பொருள் எனக் கொள்ளலாம். வருகைப் பதிவு, ஆயத்தப் பயிற்சி, விளக்கிக் காட்டல், கலைதல் ஆகியவை போக இருபது நிமிடம் எஞ்சுகிறது. ஒரே பந்து, ஒரே வரிசை. ஒருவருக்குப் பதினைந்து விநாடி. இருபது நிமிடத்தில் எண்பது வாய்ப்புகள், ஆளுக்கு இரண்டு. அதாவது நாற்பது நிமிடப் பாடத்தில் ஒரு மாணவர் அத்திறனைப் பயின்ற நேரம் அரை நிமிடம். வரிசை நேராக இருந்தது, சத்தம் இல்லை, மேற்பார்வையாளர் நிறைவடைந்தார்.

அதே வகுப்பை எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்களாக்கி ஐந்து பந்துகள் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் பத்து வாய்ப்புகள் கிடைக்கும். மைதானம் சற்று இரைச்சலாக இருக்கும். ஐந்து பந்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. 2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் விளையாட்டுப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000, நடுநிலைப் பள்ளிக்கு ரூ.10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ரூ.25,000 வரை வழங்க வகைசெய்தது. பள்ளியில் எத்தனை பந்துகள் உள்ளன, அவற்றுள் காற்று நிற்பவை எத்தனை என்பதைப் பாடக்குறிப்பு எழுதும் முன்பே பயிற்சி மாணவர் கேட்டறிவது நன்று. குறைந்தால் துணிப்பந்தும் இப்பயிற்சிக்குப் போதும்.

குழுத் தலைவர்களை அமர்த்துவது புதுமை அன்று. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை செய்த வேலையே அது. சென்னை ஆதரவற்றோர் விடுதிப் பள்ளியில் மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பித்த முறையை ஆண்ட்ரூ பெல் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்று 1797இல் நூலாக்கினார். ஆனால் சட்டாம்பிள்ளையாக எப்போதும் நன்றாக ஆடுபவரையே அமர்த்தினால் முடத்தெங்கு மீண்டும் சாயும்.

வட்டாரம் பாடத்துள் நுழைதல்

ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014இல் நின்றது. ஒரகடத்தில் ரெனால்ட் – நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. ஏரிப்பாசன ஊர்கள் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தின் இப்பகுதி ஒரு தலைமுறைக்குள் ஷிப்டு நேரத்தால் இயங்கும் வட்டாரமாயிற்று. இந்த மாற்றம் பொருளியல் ஆய்வுகளில் பேசப்படும் அளவுக்குப் பயிற்சிப் பாடக் குறிப்புகளில் பேசப்படுவதில்லை. உண்மையில் அது முதல் பாடவேளையிலேயே தென்படும்.

ஆயத்த ஓட்டத்தின் இரண்டாம் சுற்றில் ஒரு மாணவி அமர்ந்துவிட்டார் எனக் கொள்ளலாம். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவது முதல் நிலை. ஓட்டம் மிகுதியோ என்று கேட்பது அடுத்தது. காலையில் உண்டாரா என்று கேட்கும்போது வீடு பாடத்துள் நுழைகிறது: இரவு ஷிப்டு முடித்துத் தாய் இன்னும் திரும்பாத வீடாக அது இருக்கக்கூடும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காக வகுக்கப்பட்டது. தொடக்கப் பள்ளியில் உண்டு பழகிய குழந்தை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அவ்வேளை உணவைப் பள்ளியில் இழக்க நேரலாம். கடும் பயிற்சியை முதல் பாடவேளையில் வைப்பதா, மதிய உணவு செரித்த பிறகு வைப்பதா என்பது அப்போது கால அட்டவணைச் சிக்கல் மட்டும் அன்று.

மொழி மற்றொரு நுழைவாயில். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தோரின் பிள்ளைகள் இவ்வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பயில்கின்றனர். தமிழ்க் கட்டளை புரியாமல் ஒரு நொடி பிந்தித் திரும்பும் சிறுவனை வகுப்பு பார்த்துச் சிரிக்கும். அந்த ஒரு நொடி அவனுடைய உடல்திறனின் குறை அன்று; பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்ய அவன் எடுத்துக்கொண்ட நேரம். சொல்லும் முன் செய்துகாட்டுதல் இங்கே கற்பித்தல் நுட்பம் என்பதைக் கடந்து மொழிபெயர்ப்பாகவே ஆகிறது. கபடியிலோ நிலை வேறு. பாடிச் செல்லும் சொல் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் கோட்டைத் தொட்டு மீளும் விதி எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அங்கே அச்சிறுவனே வகுப்புக்குக் கற்பிக்கக்கூடும். இதைக் கண்டு அடுத்த பாடத்தின் வரிசையை மாற்றிய பயிற்சி மாணவர், ஷோன் கூறிய செயலினூடே சிந்தித்தலை அச்சொல்லை அறியாமலே செய்தவராவார்.

மதிப்பெண்ணும் உண்மையும்

இங்கு ஓர் இடர் உள்ளது. மீள்நோக்குக் குறிப்பு மதிப்பிடப்படுகிறது. மதிப்பிடப்படும் குறிப்பில் மாணவர் தம் தோல்வியை எழுதுவாரா? பெரும்பாலும் மதிப்பிடுபவர் விரும்பும் அளவுக்குச் சிறிய ஒரு குறையையும், அது மறுநாளே திருந்தியதையும் எழுதுவார். ஒரே பந்தும் ஒரே வரிசையும் வைத்து நடத்திய பாடம் ‘சிறப்பாக நிறைவேறியது’ எனப் பதிவாகும். குற்றம் மாணவருடையது அன்று. பதிவைக் கேட்கும் முறையினுடையது.

இதற்குச் சில எளிய மாற்றங்கள் போதும். குறிப்பேட்டின் ஒரு பகுதியை மதிப்பெண்ணிலிருந்து விலக்கலாம். ‘பாடம் எப்படி இருந்தது’ என்ற கேள்வியை விட்டு, பாடத்துக்கு முன்பே குறித்துக்கொண்ட மூன்று மாணவரைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லலாம்: நன்றாக ஆடுபவர் ஒருவர், நடுவில் இருப்பவர் ஒருவர், ஓரத்தில் நிற்பவர் ஒருவர். அம்மூவருக்கும் எத்தனை வாய்ப்பு கிடைத்தது என்பதைச் சக பயிற்சி மாணவர் மரநிழலில் அமர்ந்து கோடிட்டு எண்ணித் தரலாம். எண்ணிக்கைக்கு நாணமில்லை, அதனை மெருகேற்றுவதும் கடினம்.

பயிற்சிக் காலம் முடிந்ததும் குறிப்பேடுகள் கல்லூரிக்குத் திரும்பி அலமாரி ஏறுகின்றன. அடுத்த ஆண்டு அதே பள்ளிக்கு வரும் பயிற்சி மாணவர், எத்தனை பந்துகளில் காற்று நிற்கும், எந்தப் பக்கம் எப்போது நிழல் விழும், யார் காலையில் உண்ணாமல் வருவார் என்பவற்றை முதலிலிருந்து கண்டறிகிறார். மாணவர் பெயர்களை நீக்கிய ஒரு படியைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் விட்டுச் செல்லும் வழக்கம் ஏற்பட்டால், இரண்டாம் தொகுதியினரின் முதல் பாடம் அங்கிருந்து தொடங்கும்.