படப்பை வெயிலும் தண்ணீர் ஓடும் கணினியும்

ராயல் என்ஃபீல்டு என்றதும் என்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் உலோகத் துடுப்புகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஓடுகிற வண்டியில் காற்று பட்டு என்ஜின் ஆறட்டும் என்று வைத்தவை அவை. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை நடத்தும் அந்த நிறுவனம், 2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வண்டியை இறக்கியபோதுதான் முதன்முறையாக ரேடியேட்டர், கூலன்ட், பம்ப் எல்லாம் கொண்ட என்ஜினுக்கு வந்து சேர்ந்தது. 452 சிசி ஒற்றை சிலிண்டரில் ஏறக்குறைய 40 குதிரைத் திறன் எடுக்க வேண்டும். காற்றை மட்டும் நம்பினால் கதைக்கு ஆகாது.

மேசைக் கணினிக்கும் இப்போது அதே நெருக்கடிதான். இன்டெல்லின் கோர் ஐ9-14900கே சில்லு முழு மூச்சில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டுக்கு 450 வாட். இரண்டும் சேர்ந்து 700 வாட். இழுக்கிற மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும், அதுவும் தீப்பெட்டி அளவு இடத்திலிருந்து. ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். அதாவது, ஒரே கொள்ளளவில் காற்றைவிட மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகும். பெரிய கணினி செய்பவர்களுக்கு இது பழைய செய்தி. ஐபிஎம் 1980இல் அறிவித்த 3081 கணினியின் சில்லுகளைக் குளிர வைத்தது தண்ணீர்தான். நம் பக்கத்தில், 2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் திறக்கப்பட்ட 838 டெராஃப்ளாப் திறனுள்ள ‘பரம் பொருள்’ மீக்கணினியும் திரவத்தைச் சில்லின் தலைமாட்டுக்கே கொண்டுபோகும் முறையில்தான் ஓடுகிறது.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக்கு முந்தைய ஊரான படப்பையில் பம்ப், ஹோஸ், கூலன்ட் என்பவை அன்றாடம் புழங்கும் சொற்கள். கார், லாரி, டயர் ஆலைகளுக்குப் போய்வருகிறவர்கள் வாழும் ஊர். வீட்டில் டிசைன் வேலைக்கோ விளையாட்டுக்கோ தண்ணீர் ஓடும் கணினியைத் தானே கட்ட நினைப்பவருக்கு இந்தத் தொழிற்சாலைப் பழக்கம் சில இடங்களில் கைகொடுக்கும், சில இடங்களில் காலை வாரிவிடும்.

முதலில் காலை வாருவது பம்ப் விஷயத்தில். மோட்டார் வாங்கக் கடைக்குப் போனால் முதல் கேள்வியே ‘எத்தனை அடி ஹெட்?’ என்பதுதான். கிணற்று ஆழம், மாடியின் உயரம், தொட்டியின் உயரம் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வோம். அதே மனக்கணக்கோடு கணினி பம்பைப் பார்ப்பவர், ரேடியேட்டர் பெட்டியின் உச்சியில் இருக்கிறதே, அவ்வளவு உயரம் ஏற்ற வேண்டாமா என்று கவலைப்படுவார். வேண்டாம். மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறிய தண்ணீர் மோட்டாருக்குத் திரும்பி வருவதில்லை. கணினியில் ஓடுவதோ மூடிய சுற்று. ஒரு பக்கம் ஏறும் தண்ணீரின் எடையை மறுபக்கம் இறங்கும் தண்ணீரின் எடை சமன் செய்துவிடும். தண்ணீரை முதன்முதலில் நிரப்பும்போது மட்டும்தான் உயரம் ஒரு பொருட்டு. அதன் பிறகு பம்ப் மல்லுக்கட்டுவது உராய்வோடு மட்டும். அந்த உராய்வில் பெரும்பங்கு எங்கே இருக்கிறது? சில்லின் மேல் உட்காரும் செப்புக் கட்டைக்குள், மயிரிழை இடைவெளியில் செதுக்கிய துடுப்புகளுக்கு நடுவே. தண்ணீர் அந்தச் சந்துகளில் நுழைந்து வெளியேறுவதற்குத்தான் தள்ளு விசை வேண்டும்.

பம்பின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். இந்தத் துறையில் பேர்போன டி5 பம்புக்கு மணிக்கு 1,500 லிட்டர், ஏறத்தாழ 4 மீட்டர் ஹெட் என்று இரண்டு எண்கள் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. எதிர்ப்பே இல்லாமல் வாளியில் கொட்டினால் 1,500 லிட்டர். 4 மீட்டர் உயரத்துக்குத் தள்ளச் சொன்னால் ஓட்டம் பூஜ்யம். கட்டி முடித்த கணினிக்குள் நிமிடத்துக்கு 4 லிட்டர், அதாவது மணிக்கு 240 லிட்டர் ஓடினாலே தாராளம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 700 வாட் வெப்பத்தை நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் சுமந்தால், உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் வெறும் இரண்டரை டிகிரி. ஓட்டத்தை இரு மடங்காக்கினால் அது ஒன்றேகால் டிகிரியாகும். அந்த ஒன்றேகால் டிகிரிக்காக இரண்டாவது பம்ப் வாங்குவது காசுக்குக் கேடு. முதலில் சிபியுவா, கிராஃபிக்ஸ் கார்டா, எதற்குத் தண்ணீர் போக வேண்டும் என்று மணிக்கணக்கில் வாதாடுவதும் இதனால்தான் வீண். குழாய் எது கிட்டமோ அந்த வரிசையில் போடலாம்.

டி5 பம்பின் உள்ளே ஒரு அழகு இருக்கிறது. நிகோலாஸ் லாயிங் என்ற ஜெர்மானியக் கண்டுபிடிப்பாளரின் வழிவந்த இந்தப் பம்பில் சுழலும் பகுதிக்குத் தண்டு கிடையாது. கிண்ணம் போன்ற அது, ஒரேயொரு பீங்கான் குண்டின் மேல் உட்கார்ந்து காந்தப் புலத்தில் சுழல்கிறது. தேய்ந்தாலும் தானே சரிந்து பொருந்திக்கொள்ளும். எண்ணெய் போட இடமில்லை, ஓடுகிற தண்ணீரே மசகு. ஆகவே ஒரு நிமிடம்கூட வறண்டு ஓடக் கூடாது. வீட்டு மோட்டார் காற்றுப் பிடித்துக்கொண்டு வெறுமனே உறுமுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதைப் புரிய வைக்கவே வேண்டாம். தண்ணீர்த் தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும், முதலில் நிரப்பிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொட வேண்டும். டிடிசி என்ற இன்னொரு வகை சின்னதாக இருந்தாலும் தள்ளு விசை கூடுதல். ஆனால் அடிப்பாகம் சுடும், சத்தமும் கொஞ்சம் அதிகம். சென்னை குளிர்சாதன அறைக்கு எப்படியோ, படப்பை மே மாதத்துக்கு என் ஓட்டு டி5க்குத்தான். கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மீன்தொட்டி பம்பை வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பொழுதுபோக்கின் தொடக்க காலத்தில் உலகமே அப்படித்தான் செய்தது. இன்றைய செப்புக் கட்டையின் நுண்சந்துகளுக்கு அதன் மூச்சு போதாது. போதாக்குறைக்கு 230 வோல்ட் கம்பியைப் பெட்டிக்குள் இழுக்க வேண்டிவரும்.

இனி குழாய். இங்கேதான் நம் ஊர் வெயில் உள்ளே நுழைகிறது. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் தண்ணீரை அறைக் காற்றைவிடக் குளிர வைக்க அதனால் முடியாது. ஏசி இல்லாத அறையில் காற்று 38 டிகிரி என்றால், மூன்று மின்விசிறி பொருத்தும் ரேடியேட்டர் இரண்டு போட்டாலும் தண்ணீர் 48ஐ நெருங்கும். டி5, டிடிசி இரண்டுக்கும் தாங்கும் வரம்பு 60 டிகிரி. ஐரோப்பாக்காரருக்கு 30 டிகிரி அவகாசம் இருக்கிற இடத்தில் நமக்குப் பன்னிரண்டுதான். ஐஸ் போட்டுத் தண்ணீரைக் குளிர்வித்தால் என்ன என்று கேட்கலாம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் குழாயின் மேல் முத்து முத்தாக வேர்த்து மதர்போர்டில் சொட்டும்.

படம் எடுத்துப் பெருமைப்பட ஏற்றது கண்ணாடி போன்ற விறைப்புக் குழாய். அதில் பிஇடிஜி என்பது வளைக்கச் சுலபம், அதே காரணத்தால் சூட்டில் தளரவும் சுலபம். 60 டிகிரிப் பக்கம் போனால் பொருத்திய இடத்தில் வடிவம் மாறலாம். அக்ரிலிக் சுமார் 100 டிகிரி வரை இளகாது, ஆனால் அறுக்கும்போது விரிசல் விடும். விறைப்புக் குழாய் கட்டாயம் வேண்டும் என்பவர் அக்ரிலிக்கோடு மாரடிக்கலாம். வளைந்துகொடுக்கும் பிவிசி குழாயை மென்மையாக்கச் சேர்த்திருக்கும் பிளாஸ்டிசைசர், சூடான தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறி, செப்புத் துடுப்புகளுக்கு நடுவே வெள்ளைப் பசையாக அடைத்துக்கொள்ளும். சூடு கூடக்கூட இது வேகமாக நடக்கும்.

எனக்குப் பிடித்தது கறுப்பான, யாரும் படம் எடுக்காத இபிடிஎம் ரப்பர் குழாய். கார் ரேடியேட்டர் ஹோஸ் இந்த ரப்பர்தான். சர்வர் அடுக்குகளில் திரவம் ஓடும் குழாய்களுக்கும் பெரும்பாலும் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். 48 டிகிரி இதற்கு ஒரு பொருட்டே இல்லை. இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் டைகான், நார்ப்ரீன் குழாய்கள் செயின்ட் கோபைன் குழுமத்தின் பெயர்கள்; ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணாடி உருக்கும் அதே செயின்ட் கோபைன்.

குழாய் எவ்வளவு அகலம்? உள்விட்டம் 10 மில்லிமீட்டரிலிருந்து 13க்குப் போனால் குழாயின் எதிர்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு குறையும். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் மொத்த எதிர்ப்பில் குழாயின் பங்கே சொற்பம் என்பதால், சில்லின் சூட்டில் அது ஒரு டிகிரிகூட மாற்றாது. 10/16 அளவு, அதாவது உள்ளே 10, வெளியே 16, மிக வசதி. சுவர் தடிமனாக இருப்பதால் வளைவில் மடங்கி அடைத்துக்கொள்ளாது. உள்ளே இருக்கும் அழுத்தமோ அதிகபட்சம் 0.4 பார், கார் டயரில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. குழாய் வெடிக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை. கசிவதெல்லாம் மூட்டுகளில்தான்.

மூட்டு என்றதும் தொழிற்பேட்டைக்காரரின் கை தானாகவே நியூமேட்டிக் கடைப் பக்கம் போகும். அழுத்தினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும் புஷ் ஃபிட் கனெக்டர், நீல நிற பாலியூரித்தேன் (பியூ) ஹோஸ், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், வெளிநாட்டுச் சரக்கின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். கணினிப் பொருட்களில் இருக்கும் மரையும் கால் அங்குல பிஎஸ்பி மரைதான். பிறகென்ன? மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. கணினியில் இருப்பது நேர் மரை, அடியில் இருக்கும் ரப்பர் வளையம் அடைப்பைப் பார்த்துக்கொள்ளும். நியூமேட்டிக்கில் பலவும் கூம்பு மரை. இறுக்க இறுக்க ஆப்பு போல அகட்டி, அக்ரிலிக் தொட்டியைப் பிளந்துவிடும். 10 மில்லிமீட்டர் பியூ ஹோஸ் என்பது வெளிவிட்டக் கணக்கு, உள்விட்டம் ஆறரைதான். 10 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயோடு ஒப்பிட்டால் எதிர்ப்பு எட்டு மடங்கு. மூன்றாவது வேதியியல்: பியூவில் பாலியெஸ்டர் வகை வெதுவெதுப்பான தண்ணீரில் நாளடைவில் சிதைந்துபோகும், பாலியீத்தர் வகை தாங்கும். கடையில் வகை கேட்டு, நேர் மரை பார்த்து, நிக்கல் பூசிய பித்தளை என்று உறுதி செய்துகொண்டு, வெளியே 12, உள்ளே 8 அளவு எடுத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்த அளவுக்குப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் இந்தச் சிக்கனத்தைச் சிபாரிசு செய்வேன்.

பழைய கார் ரேடியேட்டரை மாட்டும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் அலுமினியம். செப்புக் கட்டையும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் சுற்று முழுவதும் ஒரு பேட்டரியாகி, அலுமினியம் அரிபட்டுக்கொண்டே போகும். செப்பு அல்லது பித்தளை ரேடியேட்டர்தான் சரி. போர்வெல் தண்ணீர் எடுபடாது, உப்பு மிச்சமிருக்கும் ஆர்.ஓ. தண்ணீரும் அப்படியே. காய்ச்சி வடித்த தண்ணீரில் பாசி பிடிக்காமலும் துரு ஏறாமலும் இருக்கச் சேர்மானம் கலந்து ஊற்றினால் போதும். பால் போல, பவளம் போல வண்ணத்தில் விற்கும் திரவங்களின் துகள் நாளடைவில் நுண்சந்துகளில்தான் படியும்.

கட்டி முடித்ததும் மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு மூட்டின் கீழும் டிஷ்யூ காகிதம் வைத்து ஒரு நாள் பார்க்க வேண்டும். பிறகு பம்பின் வேகத்தைச் சொல்லும் மெல்லிய கம்பியை மதர்போர்டின் சிபியு ஃபேன் இணைப்பில் செருகிவிட்டால், சுழற்சி நின்றதும் எச்சரிக்கை வரும். பம்புக்கான மின்சாரத்தை மட்டும் அங்கிருந்து எடுக்கக் கூடாது. டி5 இழுக்கும் 23 வாட்டை ஃபேன் இணைப்புகளில் பெரும்பாலானவை தாங்காது. அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராகக் கம்பி இழுக்க வேண்டும்.