வெயிலை வாசலிலேயே நிறுத்தும் வீடு



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் வீட்டுக் கடன் கேட்டு வந்த விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூரையைப் பிரித்துத் தளம் போட, தகர சீட்டை மாற்ற, மாடியில் ஒரு ரூம் எடுக்க என்று பலவிதம். அப்போது ஏற்கெனவே கடன் வாங்கி வீடு கட்டிய ஒரு சகோதரி எழுந்தார்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா சித்திரை வைகாசியில உள்ள இருக்க முடியலையே! கீத்துக் கொட்டாயில இருந்தப்போ ராத்திரி தூங்குனோம். இப்போ ஃபேனைப் போட்டா அனலு தான் வருது. கடன் தவணையும் கட்டுறேன், கரண்டு பில்லும் கட்டுறேன், தூக்கம் மட்டும் இல்லை" என்றார்.

முதலில் சிரிப்பு எழுந்தது. "எங்க வீடும் அப்படித்தான்" என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, பல வருடம் தவணை கட்டி எழுப்புகிற வீடு இப்படி ஆகலாமா? இதற்கு வழி தேடியபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தவர்கள் ராஜஸ்தான் மாநிலத்தின் தார் பாலைவனத்து மக்கள். ஃபேன், ஏசி எதுவும் இல்லாத காலத்திலேயே அந்த வெயிலில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் அவர்கள். எப்படிக் கட்டினார்கள் என்று பார்ப்போம்.

அங்கே வெயில் எப்படி?

ஜெய்சால்மர், பார்மர், ஜோத்பூர் பக்கம் மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரி என்பது சாதாரணம். பலோடி என்ற ஊரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஜெய்சால்மரில் வருடம் முழுக்கப் பெய்கிற மழை சராசரியாகச் சுமார் 200 மில்லிமீட்டர்தான்.

ஆனால் அங்கே ஒரு நன்மையும் உண்டு. காற்றில் ஈரம் இல்லை, மேகம் இல்லை. அதனால் பொழுது சாய்ந்ததும் நிலம் சீக்கிரம் ஆறிவிடும். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வரை கூட வித்தியாசம் இருக்கும். பாலைவனத்து வீடு முழுவதும் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் கட்டப்படுகிறது. பகல் சூட்டை உள்ளே விடக்கூடாது, இரவுக் குளுமையை உள்ளே வாங்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

தடித்த சுவர்

நம் வீட்டில் மெல்லிசான தோசைக்கல்லும் கனமான தோசைக்கல்லும் இருக்கும். மெல்லிசு சட்டென்று காயும், சட்டென்று ஆறும். கனமான கல் காய நேரம் எடுக்கும், அடுப்பை அணைத்த பிறகும் ரொம்ப நேரம் சூடாகவே இருக்கும். சுவரும் அப்படித்தான்.

ஜெய்சால்மர் நகரத்துப் பழைய வீடுகளின் சுவர்கள் மஞ்சள் நிற மணற்கல்லால் ஆனவை. ஒன்றரை அடியும் அதற்கு மேலும் தடிமன் இருக்கும். காலையில் வெளிப்பக்கம் ஏறுகிற சூடு உள்பக்கம் வந்து சேர 8 முதல் 12 மணி நேரம் ஆகிறது. அதாவது மதிய வெயில் உள்ளே வருவதற்குள் ராத்திரி ஆகிவிடும். அதற்குள் வெளியே காற்று குளிர்ந்துவிடும், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டால் சுவர் ஆறிவிடும். காலையில் வெயில் ஏறும் முன் மறுபடியும் அடைத்துவிடுவார்கள்.

வசதியில்லாத குடும்பங்களுக்கு? கிராமங்களில் வட்ட வடிவத்தில் மண் சுவர் வைத்து, மேலே கம்புத் தட்டையாலும் புல்லாலும் கூம்பு மாதிரிக் கூரை வேய்ந்த குடிசைகள் உண்டு. 'ஜோம்பா' என்பார்கள். வட்டமாகக் கட்டினால் அதே அளவு இடத்துக்கு வெயில் படுகிற சுவர் குறைவு. மண்ணும் சாணமும் குழைத்துச் சுவர் பூசுவதும், வருடா வருடம் மெழுகிப் புதுப்பிப்பதும் பெண்கள் கை வேலைதான்.

சகோதரியின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது

கீற்றுக் கொட்டகையில் ராத்திரி தூக்கம் வந்தது, காங்கிரீட் வீட்டில் ஏன் வரவில்லை? கீற்று லேசானது. வெயில் போனதும் அதுவும் ஆறிவிடும். ஐந்து அங்குலத் தளம் அப்படி இல்லை. பகலெல்லாம் சூட்டைக் குடிக்கிறது. பாலைவனத்துச் சுவர் போல விடியும் வரை தாங்கிப் பிடிக்கிற தடிமன் அதற்கு இல்லை. நாம் பாய் விரிக்கிற நேரம் பார்த்து, குடித்த சூட்டையெல்லாம் நம் தலையில் கொட்டுகிறது. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது.

கோடையில் சூரியன் உச்சியில் நிற்பதால், ஒரு தளமுள்ள வீட்டுக்குள் அதிகமான வெயில் வருவது கூரை வழியாகத்தான். மொட்டை மாடித் தளம் 60 டிகிரிக்கு மேல் கூடக் கொதிக்கும். அதனால் முதல் செலவு கூரைக்குத்தான் செய்ய வேண்டும்.

பாலைவனத்தில் கல் பலகையோ மர உத்தரமோ வைத்து, மேலே கனமாக மண் போட்டு, சுண்ணாம்பு பூசினார்கள். நம்ம பக்கத்திலும் பழைய கொத்தனார்கள் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். இப்போது "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று காசு தீர்ந்ததும் விட்டுவிடுகிறோம். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை.

அதையும் செய்ய முடியாதவர்கள் வெள்ளையாவது அடிக்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். குஜராத்தின் அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில், வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். அதன் பிறகு 2013-ல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித் திட்டமே போட்டது. அதே நகரில், சேவா பெண்கள் சங்கத்திலிருந்து பிறந்து 1994 முதல் இயங்கும் மகிளா ஹவுசிங் டிரஸ்ட், குடிசைப் பகுதிப் பெண்களோடு சேர்ந்து தகரக் கூரைக்கும் சிமெண்டுக் கூரைக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலையைச் செய்துவருகிறது. இப்படிப் பூசினால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்கிறார்கள். 40 டிகிரி வீட்டில் கைக்குழந்தையை வைத்திருக்கிற தாய்க்கு அது சின்ன விஷயமா?

ஜன்னலும் திசையும்

காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக வரும். அதை சன்ஷேடு தடுக்காது. அதனால் வீட்டின் நீளமான பக்கம் வடக்கு, தெற்கு பார்த்து இருக்க வேண்டும். கிழக்கு, மேற்கு பக்கம் குட்டையாக இருக்க வேண்டும். மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வேண்டாம். அந்தப் பக்கம் குளியலறை, கழிப்பறை, சாமான் அறை, மாடிப்படி இவற்றை வைத்தால் அவையே வெயிலை வாங்கிக்கொள்ளும்.

ஜெய்சால்மர் வீடுகளில் 'ஜாலி' என்று சொல்கிற துளையிட்ட கல் பலகையைப் பார்க்கலாம். வெளிச்சமும் காற்றும் வரும், நேர் வெயில் வராது. தெருக்களும் குறுகலானவை. ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒட்டியே இருப்பதால் வெயில் படுவது முன்பக்கமும் கூரையும் மட்டும்தான்.

நடுவில் முற்றம்

அங்கே பெரிய வீடுகளின் நடுவில் 'சௌக்' என்ற முற்றம் இருக்கும். ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகி முற்றத்துக்குள் இறங்கித் தங்கும். சுற்றியுள்ள அறைகள் முற்பகல் வரை அதில் குளிரும். நம்ம செட்டிநாட்டு முற்றமும் இந்த வேலையைச் செய்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் நாள் முழுக்க ஒரே அறையில் இருப்பதில்லை. மதியம் தடித்த சுவருள்ள கீழ் அறையில், ராத்திரி மொட்டை மாடியில். நேரம் பார்த்து இடம் மாறுகிறார்கள்.

வன்னி மரம்

மேற்குப் பக்கம் ஒரு மரம் இருந்தால் சுவருக்குக் குடை பிடித்த மாதிரி. பாலைவனத்தில் அந்த வேலையைச் செய்வது 'கேஜ்ரி' மரம். அது வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் வன்னி மரம்தான்! ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் 1730-ல், மன்னரின் அரண்மனை கட்டச் சுண்ணாம்பு சுடுவதற்காக இந்த மரங்களை வெட்ட ஆட்கள் வந்தார்கள். அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய் பெண் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரை விட்டார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் உயிர் கொடுத்தார்கள். ஒரு மரத்தின் நிழல் எவ்வளவு பெரியது என்று அந்தப் பாலைவனத்துப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கும் முடியுமா?

முடியும். ஜெய்சால்மர் அருகே கனோய் கிராமத்தில் ராஜகுமாரி ரத்னாவதி பெண்கள் பள்ளி 2021-ல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் டயானா கெல்லாக் என்ற பெண் கட்டடக் கலைஞர். உள்ளூர் மஞ்சள் கல், உள்ளூர் கொத்தனார்கள், நீள்வட்ட முற்றம், மேலே ஜாலிச் சுவர், உள்ளே சுண்ணாம்புப் பூச்சு, மழைநீர்ச் சேகரிப்பு, சோலார் பலகை. ஏசி கிடையாது. பாலைவனத்துப் பெண் குழந்தைகள் அதில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

ஆனால் எல்லா வீடும் அப்படி இல்லை. அங்கேயும் மெல்லிய சுவர் வைத்த காங்கிரீட் வீடுகள் பெருகிவிட்டன. அங்கேயும் பெண்கள் புழுங்குகிறார்கள்.

கரண்டு கணக்கு

பழைய ஃபேன் 75 வாட்ஸ். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 27 யூனிட். புதிய பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்ஸ். அதே நேரம் ஓடினால் 11 யூனிட் தான். ஒரு ஃபேனுக்கே மாதம் 16 யூனிட் மிச்சம்.

தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலர் சுமார் 200 வாட்ஸில் ஓடும். ஒன்றரை டன் ஏசிக்கு 1,500 வாட்ஸ் வரை வேண்டும். வறண்ட காற்றில் கூலர் நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் செய்யாது. காற்றிலேயே ஈரம் இருக்கும்போது அது இன்னும் ஈரத்தைச் சேர்த்துப் பிசுபிசுப்பைத்தான் கூட்டும்.

அப்படியே காப்பி அடிக்கலாமா?

கூடாது. கடலோரத்தில் ராத்திரியும் அவ்வளவாகக் குளிராது. அங்கே தடித்த சுவரும் சின்ன ஜன்னலும் வைத்தால் புழுக்கம்தான் மிஞ்சும். எதிரெதிர் ஜன்னல் வைத்துக் காற்றோட்டம் உண்டாக்குவதே அங்கே முக்கியம். உள்மாவட்ட வறண்ட ஊர்களுக்குப் பாலைவனப் பாடம் நிறையப் பொருந்தும். கூரையைக் காப்பதும், மேற்கு வெயிலைத் தடுப்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

கடன் விண்ணப்பம் போடும் முன் கேளுங்கள்

1. வீட்டின் நீளமான பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது?
2. மேற்குப் பக்கம் படுக்கும் அறையா, கழிப்பறையா?
3. தட்டோடு பதிக்கும் செலவு எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கிறதா?
4. எல்லா ஜன்னலுக்கும் சன்ஷேடு உண்டா?
5. ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கக் கம்பியும் கொசு வலையும் உண்டா? திருட்டுப் பயமும் கொசுவும் இருந்தால் யாரும் திறக்க மாட்டோம்.
6. அடுப்பங்கரைச் சூடு மேலே வெளியேற வழி இருக்கிறதா? நாள் முழுக்க அங்கே நிற்பது நாம்தானே!
7. மரம் வைக்க இடம் விட்டிருக்கிறோமா?

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் மாசி, பங்குனியிலேயே தளத்தைக் கழுவிக் காயவிட்டு, வடிகட்டிய சுண்ணாம்பை இரண்டு மூன்று முறை அடித்துவிடுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மழையில் கரையும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும். குழுவாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று முடித்தால் கூலிச் செலவும் இல்லை.

கடைசியாக ஒன்று. கொத்தனாரும் வீட்டு ஆம்பளைங்களும் திண்ணையில் உட்கார்ந்து பிளான் பேசும்போது, நாம் உள்ளே டீ போட்டுக்கொண்டிருக்கிறோம். கடன் நம்ம பேரில். தவணை கட்டுவது நாம். பகல் முழுக்க அந்த வீட்டுக்குள் இருக்கப் போவதும் நாம். டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நாமும் அங்கேயே உட்காருவோம். மேலே உள்ள ஏழு கேள்வியையும் கேட்போம்.

வரும் மாதக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டிப் பேசுங்கள். வீட்டுக் கடன் கேட்கிற உறுப்பினர் இருந்தால், அவர் வீட்டுப் பிளானைக் குழுவே சேர்ந்து பார்த்து, தீர்மான நோட்டில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் சூட்டைக் குறைக்க நீங்கள் செய்ததை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் எல்லோரும் படிக்கலாம்.