லால்பேட்டை வட்டாரக் குளங்களும் ‘பாசி’ என்னும் சொல்லும்

கடலூர் மாவட்டத்து லால்பேட்டை, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (907–955) வெட்டப்பட்ட வீராணம் ஏரியை ஒட்டிய ஊர். காற்றும் அலையும் மிகுந்த ஏரியின் நடுப்பரப்பில் சிறு மிதவைத் தாவரங்கள் நிலைப்பதில்லை. கரையோர ஒதுக்கங்கள், ஓட்டம் நின்ற வாய்க்கால்கள், ஊர்க்குளங்கள் ஆகியனவே அவற்றுக்கு ஏற்ற இடங்கள். அங்கு நீரை மூடிக் கிடக்கும் பச்சைப் பரப்பு முழுவதையும் மக்கள் ‘பாசி’ என்றே வழங்குகின்றனர். இவ்வொரு சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பற்ற பல தாவரங்கள் அடங்கியிருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அறிவியல் பாடநூல்களில் பாசி என்பது வேர், தண்டு, இலை எனப் பகுக்கவியலாத, பூவாத உயிரினத்தைக் குறிக்கும். குளத்தில் மிதக்கும் லெம்னாவோ பூக்கும் தாவரம். சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. சில மில்லிமீட்டர் அளவுள்ள அதன் ஒவ்வொரு தகட்டின் அடியிலும் ஒரே ஒரு வேர் தொங்கும். வேர்கள் பலவாகி அடிப்புறம் செந்நீலமாக இருப்பின் அது ஸ்பைரோடெலா. வேரே இன்றி ரவை போல் விரலில் ஒட்டுவது உல்ஃபியா. பூக்கும் தாவரங்களுள் மிகச் சிறியது இதுவே.

அவ்வாறாயின் மக்கள் வழக்கு பிழையா? அன்று என்பதே என் கருத்து. பரணர் பாடிய குறுந்தொகை 399ஆம் பாடல், தலைவியின் பசலைக்கு ஊரார் நீருண்ணும் துறையிலுள்ள பாசியை உவமையாக்குகிறது. தலைவன் தொடுந்தோறும் பசலை விலகுகிறது, விடுந்தோறும் பரவுகிறது. கல்லில் படிந்து வழுக்கும் பாசி இங்ஙனம் விலகிக் கூடாது. இழைப்பாசியோ கையோடு இழுபட்டு வந்துவிடும். தனித்தனித் தகடுகளாக மிதக்கும் லெம்னா போன்றவையே கைபட்டால் விலகி, கையெடுத்தால் மூடிக்கொள்ளும். ஆகவே இவற்றையும் பாசி என்பது சங்ககாலம் தொட்ட வழக்காகலாம். சொல்லின் பொருளைச் சுருக்கியது பிற்காலக் கலைச்சொல்லாக்கமே. அக்கலைச்சொல்லாக்கமும் ‘நீலப்பச்சைப்பாசி’ என்று ஒரு பாக்டீரியாவை அழைத்து வருகிறது என்பது வேறு செய்தி.

அந்த நீலப்பச்சைப்பாசியைத் தன் இலைக்குழிகளில் வைத்து வளர்ப்பது அசோலா. இது பெரணி இனம். காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதால் நெல்வயலுக்கு உரமாகிறது. வெயில் கடுமையில் செந்நிறமாகும்போது, நீர் கெட்டுவிட்டதெனக் கருதி அள்ளி எறிய இடமுண்டு. லெம்னாவின் இயல்பு வேறு. அது நீரில் கரைந்துள்ள சத்துகளை உறிஞ்சி, ஏற்ற சூழலில் இரண்டு மூன்று நாள்களில் இரட்டிக்கும். அடர்ந்து மூடினால் ஒளி தடைப்பட்டு, அடிநீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மடியும். புரதம் மிக்கதாதலால் மீனுக்கும் கோழிக்கும் தீவனமாகும். ஆயினும் கன உலோகங்களையும் உறிஞ்சி வைத்துக்கொள்வதால், கழிவுநீர் சேரும் குட்டையில் வளர்ந்ததைத் தீவனமாக்குதல் தகாது.

பெயர்க்குழப்பம் மிகுந்த தீங்கு விளைக்கக்கூடியது ‘ஆகாயத்தாமரை’யில்தான். சித்த மருத்துவத்தில் இப்பெயர் பிஸ்டியாவுக்கு உரியது. நீரில் மிதக்கும் முட்டைக்கோசு போன்ற இச்செடியும் சேம்புக் குடும்பமே. இன்று செய்தித்தாள்கள் தென்னமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரையையும் ஆகாயத்தாமரை என்றே எழுதுகின்றன. ஊதிய காம்பும் ஊதாப் பூவும் உடையது வெங்காயத்தாமரை; பிஸ்டியாவின் இலைகள் காம்பின்றி, மென்மயிர் படர்ந்து, வெல்வெட்டுப் போலிருக்கும். மருந்துக்கென மூலிகை சேகரிப்போர் இலையைத் தொட்டுப் பார்த்தே இவ்விரண்டையும் பிரித்தறியலாம்.