வண்ண மீன் வளர்ப்பும் முதல் மாதச் சோதனையும்

முத்துக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடியில், வண்ண மீன் தொட்டியைக் கண்டு நில்லாதவர் அரியர். குழந்தைகள் கேட்க, பெற்றோரும் ஆசையோடு வாங்கிச் செல்கின்றனர். ஆயினும் பல இல்லங்களில் ஒரு மாதத்திற்குள் மீன்கள் மடிந்து, தொட்டி பரணுக்குப் போய்விடுகிறது.

விலை மட்டும் இதற்குக் காரணமன்று. கப்பி, மோலி போன்ற மீன்கள் எளியோரும் வாங்கத்தக்கவையே. வளர்க்கும் முறையைச் சொல்லாமல் விற்பதே பெருந்தடை எனக் கருதுகிறோம். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதனை மாற்றவல்ல நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை நிறைத்து, தீனியையும் மிகுதியாக இட்டால் அவை பிழைப்பதெங்ஙனம்? முதலில் இரண்டொரு மீன்களே போதும். குளோரின் கலந்த குழாய்நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பின்னர் ஊற்றவேண்டும். நீர் கலங்கியதென்று முழுவதையும் கொட்டிவிடாது, வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கை மாற்றுதல் நலம்.

கடல் மீன் வளர்க்க விரும்புவோர் இன்னொன்றும் அறியவேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப் பாறைகளுக்கும் கடற்குதிரைக்கும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆகவே கடலிலிருந்து அள்ளுவது வழியன்று. இக்கரையில் முத்துக்குளிப்பு 1961 உடன் நின்றது; 1973 இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கேயே சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினர். அந்நிலையத்தாரே கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறையையும் வகுத்துள்ளனர். வளர்த்துப் பெறுவதே நிலைக்கும் செல்வம்.

நன்னீர் மீன்களைப் பெருக்கத் தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டியே போதும். சென்னையை அடுத்து வளர்ந்த கொளத்தூரில் பல குடும்பங்கள் இதனைத் தொழிலாகவே கொண்டுள்ளன. கிணற்றுநீர் வசதியுள்ள நம் விவசாய அங்கத்தினர்களும் சிறிய அளவில் முயலலாம். ஐயம் எழுந்தால், 1977 இல் தொடங்கப்பெற்ற தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது.

சாயம் போகும் சேலையை வாங்கியவர் மறுமுறை அக்கடைக்கு வருவதில்லை. இதனை நம் நெசவாளர்கள் நன்கறிவர். மீன் மடிந்த வீட்டாரின் மனமும் அத்தகையதே. ஆதலின் மீனை விற்கும் அங்கத்தினர், அதனை வளர்க்கும் விதத்தையும் எடுத்துரைத்தே விற்பாராக.