பழைய தோட்டா: கைவேலை வேண்டாம்

சமயபுரத்தில் பூச்சொரிதல், சித்திரைத் தேர் நாட்களில் கல்லா நிறையும். கடைக் காவலுக்கென்று அப்பா காலத்து 315 போர் ரைபிளை உரிமத்துடன் வைத்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை.

இத்தோட்டா அயல்நாட்டுச் சரக்கு. 1890-களில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் படை பயன்படுத்திய 8 மி.மீ. மான்லிக்கர் ரகமே இது. இராணுவத்தின் 303 ரகத்தைப் பொதுமக்கள் வைத்திருக்க ஆங்கிலேய அரசு கட்டுப்பாடு விதித்ததால், வேட்டைக்காரர்கள் இதற்கு மாறினர். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை ஓய்ந்தது. ரைபிள்கள் காவலுக்கு நின்றன.

குண்டின் எடை 244 கிரெய்ன், அதாவது சுமார் 15.8 கிராம். தோளில் உதை பலம். “இலேசான குண்டு கிடைக்குமா? காலிக்கூட்டில் நாமே மருந்து நிரப்பலாமா?” என்று கேட்போர் உண்டு. குண்டு இலேசானால் உதை குறையும் என்பது சரியே. ஆனால் குறிபார்க்கும் அமைப்பு கனத்த குண்டுக்கேற்றது, குறி தவறும். மருந்து அளவு பிசகினால் ரைபிளே வெடித்துவிடும். தவிர, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி குற்றம்.

திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தாலும், இத்தோட்டா புனே அருகே கட்கி ஆலையில் தயாராவது. உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கி, உரிமப் புத்தகத்தில் பதிந்துகொள்ளுங்கள். சில்லறைச் சிக்கனத்துக்குக் கையைப் பறிகொடுக்கலாமா?