ஊர்மன்றத்திற் பிறநாட்டுப் படங்கள்

சனசமூக நிலையத்திலே மாதமொரு பிறநாட்டுப் படம் காட்ட முனைவோர், நாட்டுக்கொன்றாகப் பட்டியல் வகுத்தவுடன் பன்மை எய்திவிட்டதாகக் கருதுவர். ஐந்து நாடுகளிலிருந்து ஐந்து சோகக் கதைகளைத் தெரிந்தால் அதிலே பன்மை ஏது? இரண்டாம் மாதமே நாற்காலிகள் வெறுமையாகும்.

முதற்படம் மொழித் தடையற்றதாயிருத்தல் நன்று. சாப்ளினின் 'தங்க வேட்டை' (1925) பேசாப் படம். பசி மிகுந்து சப்பாத்தை அவித்துண்ணும் காட்சிக்குச் சிறுவரும் முதியோரும் ஒருங்கே நகைப்பர். அந்நகைப்பின் அடியிலே கிடப்பது வறுமை. அவ்வறுமையையே நகைப்பின்றிக் காட்டுவது இத்தாலியரான டி சிக்காவின் 'துவிச்சக்கரவண்டித் திருடர்' (1948). 1950இல் இலண்டனில் அதைக் கண்ட சத்தியஜித் ராய், பழகிய நடிகரை நம்பாது, உண்மையான இடங்களிலே படமெடுக்கலாமெனத் துணிவுற்றார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. ஆகவே அதனை மூன்றாவதாக வைப்பின் தொடர்பு தானே விளங்கும்.

அதன்பின் சுவை மாறவேண்டும். ஒரு கொலையை, இறந்தவன் உட்பட நால்வர் நான்கு விதமாகக் கூறும் குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) நல்ல வாதத்தை எழுப்பும். அவருடைய 'ஏழு சாமுராய்' இன்னுஞ் சிறந்ததென்பேன். எனினும் மூன்று மணி நேரத்துக்கு மேலோடுவது, கடைசி பஸ்ஸை நம்பி வருவோர்க்கு ஆகாது.

திரையிடும் உரிமையை எழுத்திற் பெற்ற பின்னரே விளம்பரம் ஒட்டுக.

இப்படங்களின் அடியெழுத்துக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருவன. ஆங்கிலம் வாசியாதாரை வாயிலிலேயே விலக்கிவிட்டு, அதனை ஊர்மன்றமென்பது எங்ஙனம்? விளக்கணைக்குமுன் கதையின் தொடக்கத்தையும் பாத்திரங்களின் உறவையும் ஐந்து நிமிடம் தமிழிற் கூறுக, முடிவைக் கூறற்க.