ஒளியாகாமல் கைமாறும் ஆற்றல்

உடனொளிரும் மூலக்கூறு தன் ஆற்றலை ஒளியாக உமிழாமலே அருகிலுள்ள மற்றொன்றுக்கு அளிக்கவல்லது. இப்பரிமாற்ற வீதம் தொலைவின் ஆறாம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் அமையும் என ஃபோர்ஸ்டர் 1948-இல் நிறுவினார். தொலைவு இருமடங்காயின் வீதம் 64-இல் ஒரு பங்காகும். 10 நானோமீட்டருக்கு அப்பால் அளக்க ஏதும் எஞ்சாது. கணினிப் பாவனையாக்கத்தில் (உருவகம் என்றால் அணியிலக்கணத்தோடு மயங்கும்) இவ்விதியை எங்கும் பொருத்துவதை நாம் ஏற்பதற்கில்லை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தனி ஆய்வு மையம் அமைத்த கிராஃபீன் என்னும் ஓரணுத் தடிமக் கரித்தாளே ஏற்பியாயின் நிலை வேறு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்வாதியும் செபாஸ்டியனும், நெடுந்தொலைவில் வீதம் நான்காம் அடுக்கையே பின்பற்றும் என 2009-இல் காட்டினர். ஏற்குமிடம் ஒரு புள்ளியாகாது தாளெங்கும் விரிந்திருத்தலே காரணம். அவர்தம் கணிப்பின்படி விளைவு ஏறத்தாழ 30 நானோமீட்டர் வரை அளக்கத்தகும். ஆறாம் அடுக்கை இட்ட கணினியோ அங்கே ஒன்றுமில்லை என்றே விடை தரும்.